15 கேவிஏ டீசல் ஜெனரேட்டர்: தென்னந்தோப்பு வீட்டில் ஆறு வருஷம்

கஜா புயல் அடித்த மூன்றாம் நாள், அம்மாவின் இன்சுலின் குப்பிகளை ஈர மணல் நிரப்பிய மண்சட்டியில் புதைத்து, சமையலறையில் நிழலான மூலையாகப் பார்த்து வைத்தோம். காலையும் மாலையும் மணலில் தண்ணீர் தெளிப்பது என் வேலை. மணலைத் தொட்டுப் பார்த்து, சில்லென்று இருந்தால்தான் மனசு ஆறும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் போன கரண்டு எங்கள் வீட்டுக்கு 43 நாள் கழித்துத்தான் வந்தது. பேராவூரணிப் பக்கம் தோப்புக்குள் இருக்கிற வீடு. லைனில் கடைசிக் கம்பம் எங்களுடையது. டெல்டா முழுக்கக் கம்பங்கள் சாய்ந்து கிடந்தபோது கடைசிக் கம்பத்துக்கு ஆள் வரத் தாமதமாகும் என்பது எங்களுக்கும் புரிந்தது. ஆனால் அம்மாவின் சர்க்கரைக்கு அது புரியாதே.

அந்த நாட்களில் குட்டியானை வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு பையன்கள் வந்தார்கள். ஒரு தடவை மோட்டார் ஓட்டி டேங்க் நிரப்ப 600 ரூபாய். செல்போன் சார்ஜ் ஏற்ற 30 ரூபாய். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்களும் பட்டுக்கோட்டை பங்கில் வரிசையில் நின்றுதான் டீசல் வாங்கி வந்தார்கள். இனி ஒருமுறை இப்படி ஒரு வண்டியை எதிர்பார்த்து வாசலில் நிற்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். 2019 ஜூனில் சொந்தமாக ஒரு செட் வாங்கினேன். ஆறு வருஷம் ஓட்டியதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கம்பெனி பேரை எழுதவில்லை. டீலரோடு எனக்குக் கொஞ்சம் மனக்கசப்பு உண்டு, அதையும் சொல்லப் போகிறேன். தவிரவும், கிர்லோஸ்கர், மகிந்திரா பவரால், அசோக் லேலண்ட், கம்மின்ஸ் என்று நான் விசாரித்த எல்லோரிடமும் நல்ல என்ஜின் இருக்கிறது. எந்தப் பேர் என்பதைவிட எந்த அளவு என்பதில்தான் நம் காசு நிற்கிறது, அல்லது கரைகிறது.

டீலர் கடையில் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வீடு எத்தனை சதுரடி?" அங்கேயே எனக்கு இடித்தது. ஜெனரேட்டருக்கும் சதுரடிக்கும் என்ன சம்பந்தம்? "25 கேவிஏ போட்டுக்குங்கண்ணே, நாளைக்கு ஏசி வாங்கினாலும் தாங்கும், பெருசா இருந்தா என்ஜினுக்குக் கஷ்டமே இருக்காது" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நல்லவேளை, எங்கள் ஊர் வயர்மேன் கூட வந்திருந்தார். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் தோப்பு மோட்டாரைப் பார்க்கிறவர். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே கணக்குச் சொன்னார்.

"தம்பி, உன் வீட்ல பெரிய சாமான் ஒண்ணே ஒண்ணுதான். அஞ்சு எச்பி மோட்டார். அது ஓடுறப்ப நாலே முக்கால் கிலோவாட்டு இழுக்கும். ஆனா கிளம்புறப்ப ஆறு மடங்கு ஆம்பியர் கேக்கும். அந்த ஒரு மூச்சத் தாங்குனா போதும். மிச்சமெல்லாம் சில்லறை."

அதுதான் விஷயம். ஜெனரேட்டரில் எழுதியிருக்கும் கேவிஏவை 0.8 ஆல் பெருக்கினால் கிலோவாட் கிடைக்கும். 15 கேவிஏ என்றால் 12 கிலோவாட். மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில் செட் திணறும், ஆர்பிஎம் இறங்கி மறுபடி ஏறும், லைட் மங்கி மீளும். 15 கேவிஏ செட் நேரடி ஸ்டார்ட்டரில் இருக்கும் 5 எச்பி மோட்டாரைக் கிளப்பிவிடும். இன்றுவரை எங்களுடையது ஒருமுறையும் நின்றதில்லை. மோட்டார் உங்களுடையது 7.5 எச்பி என்றால் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போட்டுவிட்டு அப்புறம் ஜெனரேட்டர் வாங்கப் போங்கள். கிளம்பும்போது இழுக்கும் ஆம்பியர் மூன்றில் ஒரு பங்காகிவிடும், செட்டின் அளவைக் கூட்டவே வேண்டியிருக்காது.

செட் விலை ஜிஎஸ்டியோடு 2,92,000. கான்கிரீட் மேடை, கேபிள், எர்த் குழிகள், வீட்டை லைனுக்கோ ஜெனரேட்டருக்கோ மாற்றிப் போடும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் எல்லாம் சேர்ந்து இன்னொரு 46,000 ஆனது. இந்த இரண்டாவது தொகையைக் கடையில் யாரும் சொல்வதில்லை, நாமாகக் கேட்க வேண்டும். கரண்டு போனதும் தானாகக் கிளம்பும் பேனல் வேண்டுமா என்றார்கள். வேண்டாம் என்று சாவி போட்டுக் கிளப்புகிற வகையே எடுத்தேன். அதற்கான காரணம் பின்னால் வரும்.

மேடைக்கு இடம் பார்க்க ஒரு நாள் முழுக்கச் செலவிட்டேன், அது வீண் போகவில்லை. இந்தப் பக்கம் கரண்டு போவதே ஐப்பசி, கார்த்திகையில். அப்போது அடிப்பது வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து வரும். ஆகவே செட்டை வீட்டுக்குத் தென்மேற்கே, மாட்டுக்கொட்டகை தாண்டி, அம்மா படுக்கும் அறை ஜன்னலிலிருந்து 12 மீட்டர் தள்ளி வைத்தேன். புகை வீட்டை விட்டு விலகியே போகும். டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. வாசனையால் கண்டுபிடிக்க முடியாத வாயு அது, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். மழை நனைக்கும் என்று செட்டைப் போர்ட்டிகோவிலோ மூடிய ஷெட்டிலோ வைக்கிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மழைக்குத்தான் கூண்டு போட்டே தருகிறார்கள். மேடையை மட்டும் தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டுங்கள்.

சத்தத்தைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். கூண்டிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது விதி. பக்கத்தில் நின்றால் உரக்கப் பேச வேண்டியிருக்கும். 12 மீட்டரில், மழைச் சத்தத்தோடு, அம்மா தூங்கிவிடுகிறார். சிலர் சூடாகிறதே என்று கூண்டுக் கதவைத் திறந்துவைத்து ஓட்டுகிறார்கள். அது தப்பு. மூடியிருந்தால்தான் காற்று ஆல்டர்னேட்டர், என்ஜின், ரேடியேட்டர் என்று அதற்கான வழியில் போய் வெளியேறும். திறந்தால் அந்த ஓட்டம் அறுந்து, சூடு கூடும். காற்று போகும் ஓட்டைகளுக்கு எலி வலையும் அடித்துவிடுங்கள். தோப்பு எலிக்கு வயர் என்றால் அவ்வளவு பிரியம்.

எர்த் குழி நான்கு. நியூட்ரலுக்கு இரண்டு, பாடிக்கு இரண்டு. வயர்மேன் அதில் ஒன்றைக்கூடக் குறைக்க விடவில்லை. சேஞ்ச்ஓவரும் நான்கு முனை (ஃபோர் போல்) உள்ளதுதான், மூன்று பேஸோடு நியூட்ரலையும் சேர்த்து வெட்டுவது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கஜா சமயத்தில் வெளி மாவட்டத்திலிருந்து வந்த லைன்மேன் ஒருவர் எங்கள் தெருமுனைக் கம்பத்தில் ஏறுவதற்கு முன், நீளமான எர்த் ராடைக் கம்பியில் மாட்டினார். டப்பென்று பொறி பறந்தது. சப்ஸ்டேஷனிலிருந்து வரும் ஃபீடர் லைன் ஆஃப், ஆனால் கம்பியில் கரண்டு. தேடிப் பார்த்தால், நாலு வீடு தள்ளி ஒருவர் வாடகை ஜெனரேட்டரை இரண்டு பக்கமும் பின் வைத்த வயரால் வீட்டுப் பிளக்கில் செருகியிருக்கிறார், மெயின் சுவிட்சை இறக்காமல். அந்த 230 வோல்ட் பின்வழியாக டிரான்ஸ்பார்மருக்குள் போனால், அந்தப் பக்கம் 11,000 வோல்ட்டாக ஏறிவிடும். அந்த மனிதர் ராடைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகு, "எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்குண்ணே" என்று மட்டும் சொன்னார். நமக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர். சேஞ்ச்ஓவர் சுவிட்சில் 3,000 ரூபாய் மிச்சம் பிடிக்கலாமா என்று எண்ணுகிற யாரும் அந்த முகத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் ஓட்டியபோது எல்லாம் எரிந்தது, மோட்டாரும் ஓடியது, தண்ணீர் மட்டும் நூல் மாதிரி வந்தது. மூன்று பேஸ் வயர்களின் வரிசை மாறி மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கிறது. ஜெனரேட்டர் பக்கத்தில் ஏதாவது இரண்டு பேஸ் வயரை மாற்றிப் போட்டதும் சரியாகிவிட்டது. மாட்டிக் கொடுக்க வந்தவர்கள் அதைப் பார்க்காமலே கையெழுத்துக் கேட்டார்கள். மோட்டாரை ஓட்டி, தண்ணீர் வரும் வேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

2020 நவம்பரில் நிவர் புயல் வருகிறது என்றார்கள். கஜா பயம் விடாத ஊர், எல்லோரும் டேங்க் நிரப்புவதில் இருந்தோம். சாவியைத் திருப்பினேன். டக், டக் என்று சோலனாய்டு சத்தம் மட்டும். பேட்டரி இறங்கிவிட்டது. மாதக்கணக்கில் சும்மா நின்றால் பேட்டரி இறங்கும் என்பது கார் வைத்திருக்கிற எவருக்கும் தெரிந்ததுதான், ஆனால் ஜெனரேட்டரை நான் அப்படி நினைக்கவில்லை. டிராக்டர் பேட்டரியைக் கழற்றி வந்து கிளப்பினோம். நிவர் புதுச்சேரிப் பக்கம் போய்விட்டது. மறுவாரம் வந்த புரெவி புயலின் மழைதான் எங்களைப் பிடித்தது, நாலு நாள் கரண்டு இல்லை.

அந்த நாலு நாளில்தான் பெரிய தப்புச் செய்தேன். செட் இருக்கிறதே என்ற தைரியத்தில் ராத்திரி பகலாக ஓட்டினேன். அடைமழையில் மோட்டாருக்கு வேலை இல்லை. ஓடியதெல்லாம் ஃபிரிட்ஜ், மூன்று ஃபேன், சில விளக்கு, டிவி. பேனல் மீட்டரில் 0.7 கிலோவாட். 12 கிலோவாட் தரக்கூடிய என்ஜினில் அது ஆறு சதவீதம்.

ஐந்தாம் நாள் காலையில் சைலன்சர் குழாய் இணைகிற இடத்தில் கறுப்பாக ஒழுகியிருந்தது. தார் மாதிரி, ஆனால் தாரைவிட நீர்த்தது. சொட்டுச் சொட்டாக விழுந்து கான்கிரீட்டில் ஒரு கைப்பிடி அளவுக்குப் பரவியிருந்தது. ஆயில் சீல் போய்விட்டதென்று பயந்து, ஊரில் டிராக்டர் என்ஜின் பார்க்கிற மெக்கானிக் பையனைக் கூப்பிட்டேன். அவன் குனிந்து, விரலில் தொட்டுத் தேய்த்து, முகர்ந்து பார்த்தான். "மாமா, இது ஆயில் லீக் இல்ல. எரியாத டீசலும் கரியும். என்ஜினுக்கு வேலையே கொடுக்காம நாலு நாள் ஓட்டியிருக்கீங்க."

அவன் விளக்கியது இதுதான். டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. அழுத்தத்தில் பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. லோடு இல்லாமல் ஓடினால் சிலிண்டர் போதிய சூட்டுக்கு வராது. பீச்சிய டீசலில் கொஞ்சம் எரியாமல் தங்கும், பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு ஒட்டி உட்காராது, கரி பிடிக்கும், மிச்சம் சைலன்சர் வழியாக ஒழுகும். மூன்றில் ஒரு பங்கு லோடாவது வேண்டும். "பெருசா இருந்தா என்ஜினுக்குக் கஷ்டமே இருக்காது" என்று டீலர் சொன்னாரே, கஷ்டம் இல்லாததுதான் என்ஜினுக்குக் கஷ்டம். 25 கேவிஏ வாங்கியிருந்தால் என் கதி இன்னும் மோசம்.

மருந்தும் அவனே சொன்னான். மழைத் தண்ணீர் வடிகாலில் ஓடிக்கொண்டிருக்க, மோட்டாரைப் போட்டு, மாவு கிரைண்டர், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் ஓடவிட்டு மூன்று மணி நேரம் ஓட்டினோம். முதல் அரை மணி வெள்ளையும் நீலமுமாகப் புகை கக்கியது. பிறகு மெல்லத் தெளிந்து, கடைசியில் குழாய் வாயில் வெறும் அனல் மட்டும் நடுங்கியது. அதற்குப் பிறகு இன்றுவரை அங்கே ஒரு சொட்டு ஒழுகவில்லை.

காசுக் கணக்கும் அப்போதுதான் உறைத்தது. டேங்கில் கோடு போட்டு, ஓட்டி, அளந்து ஊற்றிப் பார்த்தேன். 0.7 கிலோவாட்டுக்கு ஓடும்போது மணிக்கு 1.4 லிட்டர் குடிக்கிறது. மோட்டாரும் மற்றதும் சேர்ந்து ஆறரை கிலோவாட் இழுக்கும்போது 2.3 லிட்டர்தான். லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால், சும்மா ஓட்டும்போது ஒரு யூனிட் 186 ரூபாய். வேலை கொடுத்து ஓட்டும்போது 33 ரூபாய். அதே என்ஜின், அதே டீசல்.

அதனால் ஓட்டுகிற முறையையே மாற்றினேன். 2021இல் ஒரு இன்வெர்ட்டரும் 150 ஏஎச் பேட்டரி இரண்டும் வாங்கினேன். 75 வாட் இழுத்த பழைய ஃபேன்களைக் கழற்றிவிட்டு, 28 வாட் பிஎல்டிசி ஃபேன் போட்டேன். இப்போது கரண்டு நீண்ட நேரம் போனால் செட் காலையில் ஒன்றரை மணி, சாயங்காலம் ஒன்றரை மணி ஓடும். அந்த நேரத்துக்குள் டேங்க் நிரம்பும், மாவு அரைபடும், துணி துவைக்கப்படும், ஃபிரிட்ஜ் நன்றாகக் குளிர்ந்துவிடும், இன்வெர்ட்டர் சார்ஜ் ஏறும். மிச்ச நேரம் இன்வெர்ட்டரில் மூன்று ஃபேனும் விளக்கும். ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் இன்சுலினுக்கு ஒன்றும் ஆகாது. போன கார்த்திகையில் டிரான்ஸ்பார்மர் எரிந்து மூன்று நாள் கரண்டு இல்லாதபோது இப்படித்தான் ஓட்டினோம். மொத்தம் 20 லிட்டருக்குச் சற்று அதிகம் செலவானது. மோட்டார் ஓடும் நேரத்துக்குத் தெருவில் எல்லோரும் குடத்தோடு வந்துவிடுவார்கள், அவர்களிடம் ஒரு பைசா வாங்குவதில்லை. 600 ரூபாய் கொடுத்து டேங்க் நிரப்பிய வீடுகள்தானே அவையும்.

இன்வெர்ட்டரில் ஒரு சின்னச் சிக்கல் வந்தது. ஜெனரேட்டர் ஓடும்போது சார்ஜ் ஏறவே மறுத்தது. பின்பக்கம் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். யுபிஎஸ்ஸில் இருந்தால் வோல்டேஜ் கொஞ்சம் ஆடினாலும் வேண்டாம் என்று தள்ளிவிடும். நார்மலுக்குத் தள்ளியதும் ஏறியது.

தானாகக் கிளம்பும் பேனல் வேண்டாம் என்று சொன்ன காரணம் இதிலிருந்தே தெரிந்திருக்கும். பத்து நிமிஷம் கரண்டு போனதற்கெல்லாம் 15 கேவிஏ என்ஜின் கிளம்பி, நாலு விளக்குக்காக ஓடி நிற்பது வீண், என்ஜினுக்கும் கேடு. ஆஸ்பத்திரிக்கு அது வேண்டும். வீட்டில் வெண்டிலேட்டரோ ஆக்சிஜன் மெஷினோ ஓடுகிறதென்றால் வேண்டும். எனக்கு வேண்டாம்.

பராமரிப்பில் பெரிதாக ஒன்றுமில்லை. மாதம் ஒருமுறை, அமாவாசையன்று, மோட்டாரை ஓட்டி அரை மணி நேரம் ஓட்டுகிறேன். வாரம் பத்து நிமிஷம் சும்மா ஓட்டினால் போதும் என்று டீலர் சொன்னதை விட்டுவிட்டேன், அது பழைய ஒழுகலுக்கே வழி. முதல் ஆயில் 50 மணி நேரத்தில் மாற்றினோம். பிறகு மணி ஆகிறதோ இல்லையோ, வருஷம் ஒருமுறை 15 டபிள்யூ 40 ஆயிலும் ஃபில்டரும். பேட்டரிக்குச் சின்ன சார்ஜர் ஒன்று எப்போதும் மாட்டியிருக்கிறது. டீசல் மூன்று 20 லிட்டர் கேனில் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை டிராக்டருக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புகிறேன். பழைய டீசலில் தண்ணீர் சேர்ந்தால் டீசல் பம்பும், டீசலைப் பீச்சும் நாசிலும் பழுதாகும்.

டீசல் முழுக்க வற்றும்வரை ஓட்ட வேண்டாம். ஒருமுறை தம்பி மகன் கவனிக்காமல் விட்டுவிட்டான். பிறகு டேங்க் நிறைய ஊற்றியும் கிளம்பவில்லை, லைனில் காற்று புகுந்துவிட்டது. ஃபில்டர் மேலுள்ள போல்ட்டை இரண்டு சுற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரையாக வரும், பிறகு நுரையும் டீசலுமாக, கடைசியில் குமிழி இல்லாமல் கண்ணாடி மாதிரி டீசல் மட்டும் வழியும். அப்போது போல்ட்டை இறுக்கினால் இரண்டாவது சாவியில் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக் பையன் ஒருமுறை செய்து காட்டி, மறுமுறை என் மனைவியையே செய்யவைத்தான். நான் ஊரில் இல்லாத நாளில் அவள் தனியாகச் செய்திருக்கிறாள்.

டீலர் மேல் உள்ள குறை: மூன்று இலவச சர்வீஸில் இரண்டுக்கு வந்தார்கள், மூன்றாவதுக்கு நாலு மாதம் போன் செய்தும் வரவில்லை. ஏர் ஃபில்டர் கேட்டால் பன்னிரண்டு நாள் ஆனது. வாங்குவதற்கு முன்னால், அந்த மாடல் ஃபில்டர், பெல்ட், நாசில் தஞ்சாவூரிலோ பட்டுக்கோட்டையிலோ சாதாரண உதிரிபாகக் கடையில் கிடைக்குமா என்று போய்க் கேளுங்கள். நான் அதைச் செய்யத் தவறிவிட்டேன்.

மோட்டார் இல்லாத வீடு, தெருக்குழாய்த் தண்ணீர் வருகிற வீடு என்றால் டீசல் செட் வேண்டவே வேண்டாம். நல்ல இன்வெர்ட்டரும் இரண்டு பேட்டரியும் போதும். அதற்கு மேல் பயம் இருந்தால் 2 கேவிஏ சின்ன பெட்ரோல் செட் பாருங்கள். மச்சான் கூரையில் 3 கிலோவாட் சோலார் போட்டார், 78,000 ரூபாய் மானியம் கிடைத்தது. பில் குறைந்தது உண்மை. ஆனால் லைனோடு இணைந்த ஆன்கிரிட் வகை, லைனில் கரண்டு போனால் அதுவும் நின்றுவிடும், கம்பத்தில் ஏறுகிறவரின் பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. புயலுக்கு அது கைகொடுக்காது என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். 2023 ஜூலையிலிருந்து புதிய புகை விதி வந்து செட் விலையும் கூடியிருக்கிறது. பழைய செட் மலிவாகக் கிடைத்தால், மணி மீட்டரைப் பார்ப்பதோடு விடாமல் சைலன்சர் இணைப்பில் கறுப்பு ஒழுகல் இருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள்.

என் செட்டின் மணி மீட்டர் இன்று 412. மறுபடி வாங்கினாலும் இதே 15 கேவிஏதான், சாவி வகைதான், இன்வெர்ட்டரையும் அதே நாளில் வாங்குவேன். இந்த ஐப்பசிக்கு முன் ரேடியேட்டர் ஹோஸ் ஒன்று மாற்ற வேண்டியிருக்கிறது, கிளிப் இருக்கும் இடத்தில் மெல்லிய வெடிப்பு தெரிகிறது. மெக்கானிக் பையன் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறான்.